லெட்சுமி வீட்டுச் சுவரில் ஓடிய பிராணி

லாபு பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் சீவிய லெட்சுமிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் படம் பார்க்கத் தெரியும். ஒரு படத்தை அவள் பார்க்கிற மாதிரி எந்தப் பட்டதாரியும் பார்த்திருக்க மாட்டான்.

அது வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக் கூடாதென்று, அங்கங்கே கிடந்த தொழிலாளர் லயங்களைப் பிரித்து முள்கம்பி வேலிக்குள் புது லயம் கட்டியிருந்தார்கள். அவசரத்தில் பச்சைப் பலகையை அடித்துவிட்டுப் போனார்கள். பலகை காய்ந்ததும் இடையில் விரல் நுழைந்தது. லெட்சுமி, துரை பங்களா ஆயாவிடம் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளைக் கேட்டு வாங்கி, மரவள்ளி மாவைக் கூழாகக் காய்ச்சிச் சுவர் முழுக்க ஒட்டினாள். மனிதனுக்கே அரிசி அளந்து கொடுக்கிற காலத்தில் இவள் சுவருக்குக் கூழ் ஊற்றுகிறாள் என்று லயமே சிரித்தது.

அடுப்புக்கு எதிரே ஒட்டிய தாளில் ஒரு பிராணி இருந்தது. மெலிந்த உடம்பு, நீளக் கழுத்து, அதைவிட நீளமான வால். இரண்டே காலில் ஓடிக்கொண்டிருந்தது. வாயில் ஒரு பல்லி. பின்னால் ஆறும், ஆற்றில் முதலை போன்ற பெரும் பிராணிகளும், கரையெல்லாம் பெரணிச்செடியும். மாத்திரை கொடுக்க வந்த தோட்டத்து மருந்துக்காரர் டிரசர் தங்கராஜுவை லெட்சுமி விடவில்லை. அடியிலிருந்த எழுத்தைப் படித்துச் சொன்ன பிறகுதான் மாத்திரையை விழுங்கினாள். இருபது கோடி வருசத்துக்கு முந்தியது, கறி தின்னும் ஜாதி, எலும்பெல்லாம் மூங்கில் மாதிரி உள்ளே கூடு, அதனால்தான் அந்த வேகம் என்றார் டிரசர். அப்போது உலகத்தில் பூவும் இல்லையாம், புல்லும் இல்லையாம். ஆற்றை ஆண்ட அந்தப் பெரிய பிராணிகள் பிறகு பூண்டோடு போய்விட்டன. ஓடிப் பிழைத்த இந்தச் சின்னதின் வம்சம் நிலைத்தது. பூ இல்லாத உலகத்தை நினைத்து லெட்சுமி இரண்டு நாள் வருத்தப்பட்டாள்.

பிறகு அவள் மூன்றாவது முறையாக உண்டானாள். முதல் பிள்ளை மூன்று நாள் இருந்தது, இரண்டாவது ஆறு நாள். பதினாறாம் நாள் பெயர் வைக்கிற வழக்கம். இரண்டுக்குமே அந்த நாள் வரவில்லை. இதுவாவது தங்குமா என்ற பயம் அவளுக்குக் கண்ணைத் திறந்தாலும் இருந்தது, மூடினாலும் இருந்தது.

பக்கத்து வீட்டுச் செல்லம்மாதான் லயத்துக்கு மருத்துவச்சி. உண்டானவள் அழகான முகத்தைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கிறாளோ அதுபோலப் பிள்ளை பிறக்கும் என்பது அவளுடைய சட்டம். அந்தப் படத்தைக் கிழிக்கச் சொல்லித் தினமும் வந்து நின்றாள். லெட்சுமி மசியவில்லை. நல்லா ஓடுகிற பிள்ளையாகப் பிறந்தால் தனக்குச் சம்மதம்தான் என்று சொல்லிவிட்டாள். செல்லம்மா நான்கு நாள் பேசவில்லை. மாயாண்டி மனைவிக்கும் மருத்துவச்சிக்கும் நடுவே வாயைத் திறக்காத புத்திசாலிப் புருஷன்.

எட்டாம் மாதம் தோட்டத்து எல்லையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. கேட்டைப் பூட்டிவிட்டார்கள், மூன்று நாள் ஒரு லாரியும் போகாது, வராது. இரண்டாம் நாள் நண்பகலில் லெட்சுமிக்கு வலி எடுத்தது. சிரம்பான் ஆஸ்பத்திரி எங்கேயோ இருந்தது. செல்லம்மா கோபத்தை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

ஆண் பிள்ளை. கழுத்தும் காலும் குச்சி குச்சியாக, தோலுக்குள் எலும்பு எண்ணலாம். டிரசர் துணியில் கட்டி, ரப்பர்பால் நிறுக்கும் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தார். மூன்றரை ராத்தல்கூட முழுசாக இல்லை. அதற்கு மார்பைப் பிடிக்கத் தெரியவில்லை.

அத்தனை நாள் ஊரையே எதிர்த்து நின்றவள் அந்த நிமிஷத்தில் உடைந்து போனாள்.

"ஏங்க, அந்தப் படத்தக் கிழிச்சுப் போடுங்க. நாந்தான் புள்ளைய இப்புடி ஆக்கிட்டேன்."

மாயாண்டி எழுந்து சுவருக்குப் போனான். செல்லம்மா குறுக்கே கையை நீட்டினாள்.

"விடு மாயாண்டி. தாளக் கிழிச்சா புள்ளைக்குப் பால் எறங்குமா? சின்னதுதான் பொழச்சு ஓடுச்சுன்னு டிரசரே சொன்னாரில்ல. போயி வெந்நி வையி."

அதன்பின் செல்லம்மா பிள்ளையை இறக்கவே இல்லை. தன் சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே சமைத்தாள், கூட்டினாள், எல்லாரையும் திட்டினாள். லெட்சுமி பீய்ச்சிக் கொடுத்த பாலைப் பஞ்சில் நனைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். மூன்றாம் நாளும் ஆறாம் நாளும் லெட்சுமி சாப்பிடவில்லை. இரண்டு நாளும் தாண்டின. பதினோராம் நாள் பிள்ளை மார்பைக் கவ்வியது. அந்த வேகத்தில் லெட்சுமி வலியில் கத்தினாள்; கத்திய வாயோடு சிரித்தாள், பிறகு ஓவென்று அழுதாள்.

பதினாறாம் நாள், ரேஷன் அட்டையில் ஓர் ஆளைக் கூட்டி எழுதத் தோட்டத்துக் கணக்கர் கிராணி நல்லசாமி வீட்டுக்கே வந்தார். பெயர் என்னவென்று கேட்டார். பிள்ளை தங்காத வீட்டில் எமன் ஏமாறட்டும் என்று குப்பை, பிச்சை என்றுதான் வைப்பார்கள். செல்லம்மாவும் பிச்சை என்றே சொல்லச் சொல்லி லெட்சுமியின் காதில் முணுமுணுத்தாள்.

லெட்சுமி பிள்ளையைத் தோளில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

"வீரமுத்து. நல்லாப் பெருசா எழுதுங்க கிராணி ஐயா."