வெறும் வயிற்றில் குடித்த மடுமாதா மண்

ஜெர்மனியில், டோர்ட்மண்டில் வந்திறங்கியபோது என் கையில் ஒரு பிளாஸ்டிக் பை மட்டும்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கோப்பை கழுவத் தொடங்கி, ஒரு உணவகத்தின் சமையலறை முழுவதையும் என் பொறுப்பில் எடுத்தேன். மனைவியையும் அவள் தங்கையையும் இங்கே கூப்பிட்டேன். நமது தமிழ்ப் பூசைக்கு இடமில்லை என்று எல்லோரும் கையை விரித்தபோது, அரைகுறை ஜெர்மன் பேசி மண்டபம் எடுத்துத் தந்தவனும் நான்தான். இந்தச் செபக்கூட்டத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இது தெரியாது, அதனால் சொல்கிறேன்.

இவ்வளவும் செய்தவன், தொண்ணூற்று நாலாம் ஆண்டு மாசியில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்றுக்கும் உதவாமல் நின்றேன். மனைவி பிலோமினாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. வெட்டி எடுத்துப் பார்த்தால்தான் புற்றுநோயா இல்லையா என்று சொல்லலாம் என்றார் டொக்டர்.

நம் ஊர் ஆஸ்பத்திரி மாதிரி இல்லை இது. கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுக்க முடியாது. துவாய், செருப்பு, இரவு உடுப்பு எல்லாம் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். பின்னேரம் பாணும் சீஸும்தான் சாப்பாடு. நாங்கள் பதினைந்து பேர் மீன்குழம்போடு போய் நின்றோம். தாதி வாசலிலேயே மறித்து, இரண்டிரண்டு பேராக விட்டாள்.

ஒப்பரேஷன் அன்று காலை வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்று முதல்நாளே சொல்லிவிட்டார்கள். நான் வெள்ளெனப் போனேன். எந்த நோயையும் மாற்றும் என்று நம் சனம் நம்புகிற, ஊரிலிருந்து கொண்டுவந்த மடுமாதா கோவில் மண்ணைத் தண்ணீரில் கரைத்து, ஒரு கோப்பை பருக்கினேன். மாதாவின் மண் சாப்பாட்டுக் கணக்கில் வராது என்பது என் எண்ணம்.

தாதி கோப்பையின் அடியைப் பார்த்துவிட்டாள். டொக்டர் வந்தார். பிலோமினாவின் தங்கை, என் மச்சாள் ரெஜினாதான் மொழிபெயர்த்தாள்.

"அத்தான், ஏன் மண்ணைக் குடுத்தனீங்கள் எண்டு கேக்கிறார். நான் என்னத்தைச் சொல்ல?"

"மாதான்ர மண் எண்டு சொல்லு."

"சொல்லிப்போட்டன். இன்னும் கூடப் பயந்துபோய் நிக்கிறார்."

வயிற்றில் மண்தண்ணீர் இருக்க மயக்க மருந்து கொடுக்க ஏலாது என்று ஒப்பரேஷன் நின்றது. அடுத்த Termin, அதாவது அடுத்த தவணை, இரண்டு கிழமைக்குப் பிறகு. "கட்டி வளந்து அக்காவுக்கு ஏதும் நடந்தா நீங்கள்தான் பதில் சொல்லோணும்" என்று ரெஜினா அழுதாள். பிலோமினா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அதுதான் என்னைக் கொன்றது.

ஆஸ்பத்திரியின் கீழ்மாடியில் சிற்றாலயம் ஒன்று இருந்தது. யாருமில்லை. முழங்காலில் விழுந்தேன். "தாயே, உம்முடைய மண்ணைத்தானே குடுத்தனான். அவளை எடுத்துப்போடாதேயும். நான் கட்டினது எல்லாத்தையும் எடும், அவளை விடும்" என்று கத்தி அழுதேன். வாழ்க்கையில் முதல்முறையாக, என்னால் ஏலாது என்று சொன்னேன்.

அன்று பின்னேரமே பிலோமினாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. படம் எடுத்தார்கள். நெஞ்சில் சளி கட்டி நுரையீரல் பழுதாகிக்கொண்டு வந்திருக்கிறது. சில நாளாகவே உள்ளுக்குள் இருந்திருக்க வேண்டும் என்றார்கள். மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர் என் தோளில் கைவைத்து ஏதோ சொன்னார்.

ரெஜினா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "காலமை மயக்கியிருந்தா ஆபத்தாப் போயிருக்குமாம். நிண்டது நல்லதாம், அத்தான்."

காய்ச்சல் மாறியபின் கட்டியை எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை. ஸ்தோத்திரம்!

அன்றிலிருந்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற நம் சனத்தோடு நானும் போகிறேன். வெறும் வயிறு என்றால் தண்ணீரும் கூடாது, தீர்த்தமும் கூடாது என்று முதலில் சொல்வேன். மண்ணை இப்போது நெற்றியில்தான் பூசுகிறேன். அது பிலோமினா போட்ட சட்டம். உங்கள் வீட்டிலும் ஒருவர் அந்தக் கட்டிலில் கிடந்தால், டொக்டர் சொல்வதைக் கேளுங்கள், பிறகு கீழே போய் முழங்காலில் நில்லுங்கள். மாதா கைவிடமாட்டா.

செபக்கூட்டத்தில் இந்த அற்புதத்தைச் சொல்கிறவர்கள் மாதாவைச் சொல்கிறார்கள், டொக்டரைச் சொல்கிறார்கள். சரி. மாதா அன்று அந்த ஒப்பரேஷனை நிறுத்த ஒரு ஆளைத் தேடினா. அந்த ஆள் நான். இனிச் சொல்லும்போது என் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.