ஒரு நட்சத்திரம் குறைவு

சமையலறைக் குழாயைத் திருத்த வந்தவர் தன் போனில் பாட்டைப் போட்டுவிட்டு, தொட்டிக்குக் கீழே படுத்துக் கிடந்து வேலை செய்துகொண்டிருந்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நாலாவதோ ஐந்தாவதோ பாட்டு ஒரு கிற்றாரோடு இழுத்துக்கொண்டு தொடங்கியது. என் கை நின்றுவிட்டது. அடுத்த வரி என்ன, எந்த இடத்தில் அந்த மனிதன் மூச்சு விடுவான், எல்லாம் எனக்குத் தெரியும். பதின்மூன்று வருடமாக நான் அந்தப் பாட்டைக் கேட்டதில்லை.

பின்னேரம் மகள் வந்ததும் பிடித்துக்கொண்டேன். தொப்பி போட்ட ஒருவன் பழைய லொறியில் சாய்ந்து நிற்கிற படம், மொத்தம் இருபது பாட்டு, தேடித் தா என்றேன். "அம்மா, அப்பிடிப் படம் போட்ட சீடி ஆயிரம் இருக்கும்," என்று சிரித்தாள். ஆனாலும் கண்டுபிடித்துவிட்டாள். சீடி விற்கிற ஒரு பக்கத்தில் அதே தொப்பி, அதே லொறி. அதற்குக் கீழே, வாங்கிக் கேட்டவர்களின் கருத்துகள் வரிசையாக இருந்தன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒருவருக்குப் பெட்டி உடைந்து வந்ததாம், அதனால் ஒரே ஒரு நட்சத்திரம். பாட்டு என்ன பாவம் செய்தது? இன்னொருவர், இதில் பாடுகிறவர்களில் பாதிப் பேர் உண்மையான அவுட்லோ கண்ட்ரிக்காரரே இல்லை என்று நீட்டி முழக்கியிருந்தார். யார் சொல்லுக்கும் அடங்காமல் தங்கள் மனம்போல் பாடிய அமெரிக்கக்காரரின் பாட்டுக்குத்தான் அந்தப் பெயராம். அடங்காதவர்களுக்கும் இவர் ஒரு சட்டம் எழுதி வைத்திருக்கிறார். கண்ட்ரியோடு சதர்ன் ரொக் என்கிற இன்னொரு வகைப் பாட்டையும் கலந்தது பிழை என்று ஒருவருக்கு மனவருத்தம். சோற்றையும் புட்டையும் ஒரே கோப்பையில் போட்டால் குடி முழுகிவிடுமா? அதற்குக் கீழே ஒருவர், பதினோராம் பாட்டு தேவையில்லாத நீளம், பாதியை வெட்டியிருக்கலாம் என்று எழுதியிருந்தார். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்துவிட்டது. அந்தப் பதினோராம் பாட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

அப்போது நான் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கிற இடத்தில் வேலை செய்தேன். ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, அதே காலை ஷிப்டுக்கு வருகிற ஒருவர் இருந்தார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். சொந்தமில்லை, ஆனால் நான் அக்கா என்றே கூப்பிட்டேன். தினமும் தன் காரில் என்னை ஏற்றிப் போவார். என் போனில் இன்றைக்கும் அவர் பெயர் 'கார் அக்கா'தான். எத்தனை போன் மாற்றினேன், அந்த இலக்கத்தை மட்டும் அழிக்க மனம் வரவில்லை.

கார் பழசு. றேடியோ வேலை செய்யாது. முந்தின சொந்தக்காரரின் சீடி ஒன்று உள்ளே இறுகிப்போய்க் கிடந்தது, எந்தப் பொத்தானை அமத்தினாலும் வெளியே வராது. அதன் அட்டை மட்டும் கதவுப் பைக்குள் இருந்தது. முதல் வாரம் இரண்டு பேரும் முகத்தைச் சுளித்தோம்.

"ஒண்டில் இதைக் கேக்கவேணும், இல்லாட்டி உம்மட மாமியின்ர கதையைக் கேக்கவேணும். இது பரவாயில்லை," என்றார் அக்கா.

கேட்கக் கேட்கப் பிடித்துப்போய்விட்டது. எங்கள் அரைகுறை ஆங்கிலத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கதை பிடித்தோம். ஒருவன் சிறைக்குள் இருந்து அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பான். ஒருவன் குடித்துவிட்டு, விட்டுவிட்டுப் போன பெண்சாதியின் கதவைத் தட்டுவான்.

"ஒருத்தனாவது வீட்டில இருக்கிறானோ பாரும், எல்லாரும் றோட்டில," என்பார் அக்கா.

"திரும்பி வரவேணும் எண்டுதானே அக்கா பாடுறாங்கள்."

"பாடிக்கொண்டு திரியிற நேரத்துக்கு ஒரு போன் எடுத்துக் கதைக்கலாமே!"

பதினோராம் பாட்டு மட்டும் வேறு. அதில் பாடுகிறதே கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் கிற்றார். வேலையிடத்துக்கு முந்தின கடைசி ரவுண்டபவுட் வந்ததும் அக்கா அதைப் போடுவார். கார் நிறுத்துகிற இடத்துக்கு வந்த பிறகும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். முடிய முதல் இறங்கக் கூடாது, அது அவருடைய சட்டம். மழை கண்ணாடியில் வழியும், வேலைக்காரர் எங்களைக் கடந்து ஓடுவார்கள், நாங்கள் இரண்டு பேரும் அசையாமல் இருப்போம். அந்த நாளில் எனக்கென்று இருந்த நேரம் அவ்வளவுதான். அதன் பிறகு சாப்பாட்டுத் தட்டுகள் வருகிற பெல்ட் ஓடத் தொடங்கிவிடும்.

அக்காவின் மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியவீடு வைத்தார்கள். வீடு தேடி வந்து கார்ட் தந்தார். "ஆலாத்தி எடுக்க என்னோட சோடியா நீர்தான் நிக்கவேணும்," என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சேலை எடுத்து, பிளவுஸும் தைத்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை விழா. வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி வந்தது. என் கணவரின் பெரியப்பா இறந்துவிட்டார். எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. துடக்கோடு நல்ல காரியம் நடக்கிற வீட்டுக்குப் போகக் கூடாது. பெண்ணுக்குத் தண்ணீர் வார்க்கப் போகிற தாய்க்குச் சாவுச் செய்தி சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. காய்ச்சல் என்று ஒரு மெசேஜ் போட்டேன். திங்கட்கிழமை காரில் வைத்து ஆறுதலாகச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை பாலும் பாணும் வாங்கக் கடைக்குப் போனால், பட்டுச்சேலையும் பூவுமாக அக்காவின் மச்சாள் அங்கே வாழையிலை வாங்கிக்கொண்டு நின்றார். என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். இலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு விறுவிறென்று விழா வீட்டுப் பக்கம் போய்விட்டார்.

திங்கட்கிழமை கார் வரவில்லை. இருபது நிமிடம் நின்று பார்த்துவிட்டு பஸ்ஸில் போனேன். வேலையிடத்தில் அக்கா வேறு பெல்ட்டில் நின்றார். முகம் என் பக்கம் திரும்பவே இல்லை. போய்ச் சொல்லியிருக்கலாம். எனக்கு ரோசம் வந்துவிட்டது. ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்காதவருக்கு நான் ஏன் சொல்ல வேண்டும்? அப்படியே வாரமாகி, மாதமாகி, அவர் தெற்கு லண்டனில் மிச்சம் என்கிற ஊருக்கு வீடு மாறிப் போய்விட்டார். நானும் வேலையை விட்டேன். பிழை என்னுடையது என்று எனக்கு எப்போதும் தெரியும். தெரிந்துகொண்டே இருந்தேன்.

இதையெல்லாம் நினைத்தபடி அந்தப் பக்கத்தை விரலால் தள்ளிக்கொண்டு போனேன். அடியில் ஒரு சின்னக் கருத்து. பெயர் இல்லை. ஆங்கிலத்தில்தான், ஆனால் எழுதியவர் எங்கள் ஆள் என்று முதல் வரியிலேயே தெரிந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்.

'நாலு நட்சத்திரம். பழைய காரோடு முதல் சீடி போய்விட்டது, அதனால் திரும்ப வாங்கினேன். வேலைக்குப் போகிற வழிக்கு நல்லது. பதினோராம் பாட்டு நீளம், முடிய முதல் காரை விட்டு இறங்கக் கூடாது. ஒரு நட்சத்திரம் குறைத்ததற்குக் காரணம், பக்கத்து சீற்றில் ஆள் இல்லாமல் கேட்டால் அவ்வளவு நன்றாக இல்லை.'

மூன்று முறை வாசித்தேன். பிறகு எழுத்துத் தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது. யோசித்தால் எடுக்கமாட்டேன் என்று பயந்து, உடனே 'கார் அக்கா'வின் இலக்கத்தை அழுத்தினேன். மணி அடித்தது.

"ஹலோ?"

"அக்கா."

வைத்துவிடுவாரோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஓம், சொல்லும்," என்றார். ஒரு சொல்லில் ஆளைப் பிடித்துவிட்டார்.

"அண்டைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை அக்கா."

"அது எனக்கு அண்டைக்கே தெரியும்."

"துடக்கு. இவரின்ர பெரியப்பா வெள்ளிக்கிழமை செத்துப்போனார். நல்ல காரியம் நடக்கேக்க உங்களுக்கு அதை எப்பிடிச் சொல்லுறது?"

"தனிய ஆலாத்தித் தட்டைப் பிடிச்சுக்கொண்டு வாசலைப் பாத்துக்கொண்டு நிண்டனான். கடைசியில மச்சாள்தான் வந்து பிடிச்சவ. இவ்வளவு காலமும் உம்மை மனசுக்குள்ள திட்டினனான்." குரல் உடைந்துபோய் வந்தது. "ஒரு போன் எடுத்துச் சொல்லியிருக்கலாமே!"

சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் றோட்டில் திரிந்த அந்தப் பாட்டுக்காரர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அழுதுகொண்டே சிரித்தோம். எது அழுகை எது சிரிப்பு என்று பக்கத்தில் நின்ற என் மகளுக்கு விளங்கவில்லை.

"அந்தக் குறைச்ச நட்சத்திரத்தைத் திருப்பிப் போடுங்கோ அக்கா," என்றேன்.

"இப்ப ஏலாது," என்றார். "சனிக்கிழமை மிச்சத்துக்கு வாரும். வந்து காரில பக்கத்தில இரும். பாட்டு முடியட்டும். பிறகு பாப்பம்."