கேபிளில் வைத்த பொட்டு

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில், பழைய பைக் இன்ஜினைப் போட்டு என் கணவர் ஒரு ரேஸ் கார் கட்டினார். வண்டி முழுக்க அவர் வேலை, ஆக்சிலேட்டர் கேபிள் மட்டும் என் வேலை. அம்பத்தூர் எஸ்டேட்டில் கேபிள் கம்பெனியில் வேலை பார்க்கிறவள் நான். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

கடையில் கிடைத்த எதுவும் பெடலிலிருந்து பின்பக்க கார்புரேட்டர் வரை எட்டவில்லை. நானே நீளமாக ஒன்று செய்தேன். கம்பி நுனியில் ஈயம் வைத்துக் குமிழ் கட்டி, உறையின் வாயைப் பிசிறில்லாமல் அரத்தால் ராவி, ஒரு நூல் அளவு தளர்ச்சி விட்டுப் பூட்டினேன். பெடலை விட்டால் 'டக்'கென்று திரும்பியது. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் ஓட்டிப் பார்க்கச் சம்மதித்தேன்.

காலையில் மாமியாரை வைத்து வண்டிக்குப் பூஜை போட்டோம். மத்தியானம் பருத்திப்பட்டு தாண்டி, மனை பிரித்துப் போட்ட காலி இடத்தில் ஓட்டினார். திருப்பத்தில் வேகம் குறையவில்லை. இன்ஜின் அலற, வண்டி எல்லைக்கல்லில் மோதி முள்ளுக்குள் புகுந்தது. எப்படியோ சாவியைத் திருப்பி அணைத்துவிட்டார். நான் ஓடிப்போய் அவரை வெளியே இழுத்தேன்.

"இன்னாடி கேபிள் போட்டுகீற? காலை எட்த்துட்டேன், அது பாட்டுக்கு ஏறிகினே போவுது!"

அவர் முழங்கையில் ரத்தம் வழிந்தது. முந்தானையை வைத்து அழுத்திப் பிடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கேபிளைக் கழற்றினேன். கார்புரேட்டர் பக்கம், கம்பி உறைக்குள் நுழையும் இடத்தில் மஞ்சளாக ஏதோ இறுகிக் கிடந்தது. சுரண்டினேன். சந்தனம், நடுவில் குங்குமம். வெளியே இருந்த கம்பியில் வைத்தது, காய்ந்து, பெடலை முழுசாக மிதித்ததும் உள்ளே இழுபட்டுக் கவ்விக்கொண்டிருக்கிறது.

மாமியார் பக்கத்தில் வந்து நின்றார்.

"அத்தை, கம்பியில பொட்டு வெச்சீங்களா?"

"ஆமாம்மா. மாங்காட்டு அம்மன் குங்குமம். அவன் செஞ்சதுக்கெல்லாம் வெச்சேன், நீ செஞ்சதுக்கு வெக்காம உட்டா நல்லாவா கீது?"

என்னைத் தன் வாயால் ஒரு நாளும் மெச்சாதவர். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

உள்ளேயிருந்து கணவர் கத்தினார். "இன்னா, தெரிஞ்சுதா?"

"பிசிறுங்க" என்றேன். "நான்தான் சரியா ராவல."

"சரி உடு. அடுத்தது வெளிய குட்த்து செஞ்சிக்கிறேன்."

சுருக்கென்றது. மாமியார் என் தோளைத் தொட்டார்.

"வருத்தப்படாதம்மா. பொட்டு வெச்சதாலதான் புள்ள பொழச்சி வந்துகீறான். இனிமே ஒவ்வொரு தாட்டியும் அங்கயே வெச்சிடறேன்."

வெளியே செய்து வரும் கேபிளிலும் மாமியார் வைப்பார். அதுவும் காய்ந்து கவ்வும். அப்போது சாவியைத் திருப்ப என் கணவருக்கு நேரம் கிடைக்குமா? மாமியாரின் முகத்தைப் பார்க்காமல் உள்பக்கம் குரல் கொடுத்தேன்.

"ஏங்க, பிசிறு இல்லீங்க. இங்க கொஞ்சம் வாங்க."