மகளின் ஸ்பானிஷ் பரீட்சையும் என் வயிற்றெரிச்சலும்

அந்தப் பெண்ணை வீட்டுக்குள் கூட்டிவந்தவளே நான்தான். அதனால் யாரிடமும் புகார் சொல்ல வழியில்லாமல் போயிற்று.

என் மகள் அப்போது பதினோராம் வகுப்பு. அமெரிக்காவில், நியூ ஜெர்சி பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மென்ட் ஃப்ரிட்ஜ் கதவு முழுக்க ஸ்பானிஷ் வினைச்சொற்களைக் காலவாரியாக அட்டவணை போட்டு ஒட்டிவைத்திருந்தாள். பால் எடுக்கவேண்டுமென்றால் எல்லாக் காலங்களையும் தாண்டித்தான் போகவேண்டும். எழுத்துப் பரீட்சையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்த வருஷம் பார்த்துப் பரீட்சையை மாற்றிவிட்டார்கள். இனி எழுதினால் மட்டும் போதாது, டீச்சர் எதிரே உட்கார்ந்து ஸ்பானிஷில் பேசவும் வேண்டும். தலைப்பு, சின்ன வயது நினைவுகள். மகளுக்கு முகமே செத்துவிட்டது.

"ஐ கேன் ரைட். ஐ கான்ட் டாக், அம்மா" என்று இங்கிலீஷில் புலம்பினாள்.

அது எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடம் எப்படிடா இருந்துச்சு என்று தமிழில் கேட்டால், "ஃபைன்." என்ன நடந்துச்சு என்றால், "நத்திங்." இந்த இரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டு நான் பல வருஷம் குடும்பம் நடத்தியிருந்தேன்.

துணி துவைக்கும் அறையில் எனக்கு ஒரு பெரு நாட்டுப் பெண் பழக்கம். பக்கத்துக் கட்டிடத்தில் இருந்தாள், கைக்குழந்தைக்காரி. அவளுடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் சேர்ந்தால் ஒரு டிரையரைத் தகராறில்லாமல் பங்குபோட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். அவளிடம் கேட்டேன். சனிக்கிழமை மத்தியானங்களில் வந்து என் மகளோடு ஸ்பானிஷில் பேசுவாள், அந்த நேரம் அவள் குழந்தையை நான் பார்த்துக்கொள்வேன் என்று ஏற்பாடு. எனக்கு என் சாமர்த்தியத்தில் ஒரே பெருமை.

முதல் வாரங்களில் மகள் தந்தி அடிப்பதுபோலத்தான் பேசினாள். பிறகு கை அசைய ஆரம்பித்தது. பிறகு சிரிப்பு. நான் சமையலறையில் அந்தக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பீன்ஸ் நறுக்குவேன். அவள் பிள்ளை என் இடுப்பில், என் பிள்ளை அவள் எதிரில். மேஜைமேல் இரண்டு முழங்கையையும் ஊன்றி, கண்ணை விரித்து, மூச்சுவிடாமல் மகள் என்னவோ சொல்லிக்கொண்டிருப்பாள். அந்த முகத்தை எனக்குக் காட்டி எத்தனை நாளாயிற்று. வயிறு எரிந்தது. எரிந்த வயிற்றோடு இருவருக்கும் டீயும் போட்டுக் கொடுத்தேன்.

பேச்சில் அடிக்கடி 'மாமா, மாமா' என்று காதில் விழுந்தது. கோயமுத்தூரில் இருக்கும் என் அண்ணனைப் பற்றி இவர்களுக்கு என்ன இவ்வளவு பேச்சு? அவள் கிளம்பிப் போனதும் கேட்டேன்.

"மாமாவப் பத்தி என்னடி அவகிட்ட அளந்துட்டு இருக்கே?"

மகள் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "மாமா இல்லம்மா. மமா. தட்ஸ் யூ."

"என்னையா? என்னைப் பத்தி என்ன சொன்னே?"

"நத்திங். ஜஸ்ட் ப்ராக்டிஸ்."

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி போயிற்று. ஒவ்வொரு 'மமா'வுக்கும் அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்ப்பாள், தலையை ஆட்டுவாள். என் சமையலைச் சொல்கிறாளா, சிடுசிடுப்பைச் சொல்கிறாளா? லைப்ரரியிலிருந்து ஸ்பானிஷ் கற்றுக்கொள்ளும் கேசட் எடுத்துவந்து காரில் போட்டுக் கேட்டேன். ரயில் நிலையம் எங்கே, அறை வாடகை எவ்வளவு என்று கேட்க வந்தது. என் மகள் என்னைப் பற்றி என்ன சொல்கிறாள் என்று கேட்பதற்கு அதில் பாடம் இல்லை.

பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலிலிருந்து இறங்கிய கணவர் காரில் ஏறியதும் அந்தக் கேசட்டைக் கேட்டார். "பரீட்சை அவளுக்கா, உனக்கா?" என்றார். "அவ பேசணும்னு ஆசப்பட்டே. பேசறா. இப்ப உனக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லி பிரேக்கைக் கொஞ்சம் வேகமாகவே மிதித்தேன்.

பரீட்சை முடிந்தது. பேச்சில்தான் அதிக மார்க். நன்றி சொல்லக்கூட எனக்கு மனசு வரவில்லை, ஆனால் துணி துவைத்துத்தானே ஆகவேண்டும். அங்கே அவள் என்னைப் பார்த்ததும் ஈரத்துணியைப் போட்டுவிட்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "யூ லக்கி" என்றாள். தினமும் நீ அவளுக்குத் தலை வாருகிறாய், அவள் பேசிக்கொண்டே இருக்கிறாள், ஒன்றுவிடாமல் எல்லாம் உன்னிடம் சொல்கிறாள் என்று தெரிந்த இங்கிலீஷையெல்லாம் கூட்டிச் சொன்னாள். தள்ளுவண்டியில் தூங்கும் குழந்தையைக் காட்டி, இவளும் வளர்ந்து என்னிடம் அப்படி இருப்பாளா, உன்னைப் பார்த்தால் எனக்குப் பொறாமை என்றாள்.

இத்தனை நாள் இவளைப் பார்த்து நான் வெந்துகொண்டிருந்தேன். இவள் என்னைப் பார்த்தா?

எந்தத் தலை? எட்டாம் வகுப்பில் தோள்வரை வெட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்தத் தலையில் என் கை பட்டதில்லை. அப்படியானால் மார்க்குக்காக என் மகள் ஒரு அம்மாவை ஜோடித்திருக்கிறாள். பெரு நாட்டுப் பெண்மேல் இருந்த பொறாமை அந்த இடத்திலேயே அவளை விட்டு, ஸ்பானிஷில் இருந்த அந்த அம்மாவின்மேல் தாவிவிட்டது. கொடுத்துவைத்தவள்.

துணிக்கூடையோடு வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகக் கேட்டேன். "நான் தினம் உனக்குத் தல வாரறேனா? எதுக்குடி இப்படிப் பொய்?"

"இட்ஸ் நாட் எ லை" என்றாள் மகள். ஃப்ரிட்ஜ் அருகே போய் அட்டவணையில் ஒரு வரிசையைத் தொட்டுக் காட்டினாள். முன்பு வழக்கமாக நடந்துகொண்டிருந்ததைச் சொல்ல ஸ்பானிஷில் தனியாக ஒரு காலம் இருக்கிறதாம். அந்தப் பெண்ணுக்கு அதை இங்கிலீஷில் சொல்லத் தெரியாமல், இப்போது நடப்பதுபோல் சொல்லிவிட்டாளாம். "பார்சிப்பனி, அம்மா. வென் ஐ வாஸ் லிட்டில்."

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பார்சிப்பனியில் ஒற்றை அறை வீடு. இவள் ஒன்றாம் வகுப்பு, இங்கிலீஷ் வாயில் நுழையாத காலம். பகலெல்லாம் பள்ளியில் ஊமையாக இருந்துவிட்டு, சாயங்காலம் நான் சிக்கெடுத்துப் பின்னிவிடும்போது அத்தனையையும் என்னிடம் கொட்டுவாள். போதும், வாயை மூடு என்று நான் கெஞ்சுவேன்.

"அவகிட்ட சொன்னத எனக்குத் தமிழ்ல சொல்லு" என்றேன்.

அவள் வெகுநேரம் யோசித்தாள். உதடு அசைந்து அசைந்து நின்றது. ஸ்பானிஷுக்குக்கூட அவள் இவ்வளவு கஷ்டப்பட்டு நான் பார்க்கவில்லை.

"நீ எனக்குத் தல வாருவே. நான் உன்கிட்ட எல்லாம் சொல்லுவேன்."

நம் பாஷையில் அதற்குத் தனியாக ஒரு காலம் கிடையாது. முன்பு வழக்கமாகச் செய்ததும் 'சொல்லுவேன்', நாளைக்குச் செய்யப்போவதும் 'சொல்லுவேன்'. கேட்காமல் விட்டிருக்கலாம். கேட்டுவிட்டேன்.

"சொல்லுவேன்னா, அப்பவா? இனிமேலா?"

அவள் அட்டவணையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்போ" என்றாள். தமிழில்தான் சொன்னாள்.