மூதூர்ப் பாதையில் நான்கு பிளக்குகள்

நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தின் ஆவணி விடுமுறையில் முதல் சனிக்கிழமை, காலை ஆறரைக்குத் திருகோணமலையிலிருந்து புறப்பட்டோம். அண்ணனின் பழைய ஏ போர்ட்டி காரை ஓட்டியது நான். பக்கத்தில் பத்திரிகையும் கையுமாக அண்ணன். ஒப்பந்தம் இதுதான்: மூதூருக்குப் போய்த் திரும்பும்வரை அவர் வண்டியில் கை வைக்கமாட்டார், அதைப்பற்றி வாயும் திறக்கமாட்டார். நானாக ஓட்டி முடித்தால் கார் எனக்கு. இல்லாவிட்டால் திங்கட்கிழமை கந்தளாய் வியாபாரி ஒருவருக்கு. அந்த மனிதரை நான் கண்டதே இல்லை. ஆனாலும் அவர்மேல் ஒரு வாரமாக எனக்குக் கோபம்.

ஆயத்தம் பலமாகத்தான் இருந்தது. முதல்நாளே எஞ்சினில் தீப்பொறி தட்டும் நான்கு பிளக்கையும் கழற்றிப் பார்த்தேன். மூன்றின் முனை பிஸ்கட் நிறம், நல்ல எரிவு. நான்காவது கரிபிடித்து, பீங்கானும் வெடித்திருந்தது. கடைக்காரர் லொறிப் பிளக் ஒன்றை நீட்டி, "ஓட்டை ஒண்டுதானே ரீச்சர்" என்றார். அதன் மரை கால் அங்குலம் கூடுதல்; பூட்டினால் பிஸ்டன் வந்து முட்டும். பழையதைப் பக்கத்தில் வைத்து அளந்து, ஒத்ததை நாலரை ரூபாய்க்கு வாங்கினேன்.

ஏழேகாலுக்குக் கிண்ணியாத் துறை. சுமார் பதின்மூன்று மைல். வாகனங்களை ஏற்றிக் கரை கடத்தும் தெப்பத்துக்கு இங்கே பாதை என்று பெயர். மூதூருக்கு இப்படி நான்கு பாதைகள். எஞ்சினை நிறுத்திவிட்டு நடுத் தண்ணீரில் நின்றபோது, காற்று உப்புத் தண்ணீரைக் காரின் முகத்தில் வாரி இறைத்தது. அக்கரை வந்து திறப்பைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறது, பற்றவில்லை. பின்னால் மாட்டு வண்டி; கரையில் ஏறக் காத்திருக்கும் பஸ்.

எஞ்சினை மூடும் பொனற்றைத் திறந்தேன். பிளக் வயர்கள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. அவசரத்தில் நான்கையும் ஒரேயடியாகப் பிடுங்கிவிட்டேன். எது எதற்குரியது என்று பிறகுதான் யோசனை வந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து மாட்டுவதே முறை. வாசிக்கிறவர்களாவது நினைவில் வைத்திருங்கள்.

எங்கள் இருவரையும் முன்பே தெரிந்த பாதைக்காரர் தோள் துவாயைத் தந்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன ரீச்சர், நாலையும் புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க?"

"எது எங்க போறதெண்டு தெரியேல்ல."

"அண்ணனைக் கேக்கலாமே."

"ஏலாது. அவர் கதைக்கமாட்டார்."

அண்ணன் பத்திரிகையின் பக்கத்தைத் திருப்பினார். அதைப் பறித்துக் கடலில் எறிய ஆசை வந்தது.

வயர்களைத் துடைத்து நீட்டிப் பார்த்தேன். நீளமானது தூரத்துப் பிளக்குக்கு, குட்டையானது கிட்டத்துப் பிளக்குக்கு. நடு இரண்டும் ஒரே அளவு. குத்துமதிப்பாக மாட்டித் திறப்பைத் திருப்பினேன். டமார் என்றது; மாடு மிரண்டது; பாதைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நடு இரண்டையும் இடம் மாற்றினேன். இரண்டு தரம் தும்மிவிட்டு எஞ்சின் சீராக ஓடத் தொடங்கியது.

பாதைக்காரரிடமே ஒரு சாக்கு வாங்கி, மற்ற மூன்று பாதைகளிலும் காரின் முன்பக்கத்தை மூடிக்கொண்டேன். பத்தேகாலுக்கு மூதூர். தேத்தண்ணீர் குடித்ததும் அண்ணன், திருகோணமலைக்கு லோஞ்சு என்னும் மோட்டார்ப் படகு புறப்படும் இறங்குதுறைப் பக்கம் நடந்தார்.

"எங்க அண்ணா போறீங்க?"

"லோஞ்சில போறன். ஒரு மணித்தியாலத்தில வீடு."

"அப்ப நான் திரும்ப ஓட்டுறதை ஆர் பாக்கிறது?"

"ஒருத்தரும் பாக்கத் தேவையில்லை. கார் உனக்குத்தான்." கொஞ்சம் தயங்கினார். "அந்த நடு வயர் எதெண்டு எனக்கும் தெரியாது. பேப்பருக்குப் பின்னால வேர்த்துக் கொட்டிட்டுது."

லோஞ்சு குடாவுக்குள் சிறுத்துப்போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தோஷத்தில் கண் கலங்கியது. அவருக்கு ஒரு மணித்தியாலத்தில் முடிகிற பயணம், நான்கு பாதைகளும் கடந்து எனக்கு நான்கு மணித்தியாலம். அதில் ஒரு நிமிடமும் குறைந்துவிடக் கூடாதென்றிருந்தது.