கையில் கனத்த பவர் சப்ளை

என் அண்ணன் கதையைச் சொல்ல உட்கார்ந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நல்லவன்தான். அதுதான் இன்னும் எரிச்சல்.

மோட்டாருக்குள் கம்பி சுற்றிக் காயில் கட்டுபவன். முப்பது வருடமாக அதே பட்டறை, அதே ஸ்டூல். மோட்டாரைக் கையில் தூக்கிப் பார்த்தே உள்ளே செம்பா அலுமினியமா என்று சொல்லிவிடுவான். கனமாக இருந்தால் நல்ல சரக்கு. அண்ணி இறந்த பிறகு மகளை ஆளாக்கியது அந்தக் கைதான்.

அவள் கல்லூரியில் கேம் டிசைன் படித்தாள். படிக்கவும் விளையாடவும் ஒரே கம்ப்யூட்டர், அதையும் தானே பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்துப் பூட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். எந்த பிராசஸருக்கு எந்த மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு கரண்ட் இழுக்கும், அதை எந்த பவர் சப்ளை தாங்கும் என்று இரண்டு மாதம் நோட்டில் எழுதி எழுதி அடித்தாள். பரீட்சை நேரம் என்பதால் கடைக்கு அப்பாவை அனுப்பினாள்.

"எழுதினபடியே வாங்குங்கப்பா. எதையும் மாத்திடாதீங்க."

"அடியே, கரண்டோட குடும்பம் நடத்துறவன் நான். எனக்கே பாடமா?"

எல்லாம் சரியாகத்தான் வாங்கினான். பவர் சப்ளையில் மட்டும் கை சும்மா இருக்கவில்லை. அவள் எழுதியது லேசாக இருந்ததாம், பக்கத்தில் இருந்தது கனத்ததாம். கனத்ததை வாங்கிவந்து, அவள் பரீட்சைக்குப் போன நேரம் பார்த்துப் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் பூட்டி, அதை மறைக்கும் தகட்டையும் மூடிவிட்டான். மீதியை அவள் பூட்டினாள். ஓடியது. பழைய லேப்டாப்பில் இருந்த இரண்டு வருட வேலையை இதற்கு மாற்றிவிட்டு, லேப்டாப்பில் இருந்ததை அழித்துத் தோழிக்குக் கொடுத்தாள்.

மூன்றாவது வாரம், ஒரு கம்பெனி வேலைக்காகக் கேட்ட மாதிரி கேமை முடித்துக்கொண்டிருந்தபோது புகை வந்தது. அந்த இரண்டு வருட வேலை இருந்த டிஸ்க்கும் சேர்ந்து கருகியது.

அவள் திறந்து பார்ப்பதற்குள் அண்ணன் பவர் சப்ளையைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பிளந்தான். உள்ளே நூல் மாதிரி கம்பி. அடியில் கனத்துக்காகவே ஒட்டிய இரும்புத் துண்டு.

"ஏமாத்திட்டான் பாவி."

"அவன் பாவின்னா நீ யாருண்ணா? போய் அவகிட்ட சொல்லு."

"சொல்றேன். நீ வாயத் திறக்காத."

சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அவள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு நாள்கணக்காக உட்கார்ந்திருந்தாள். "எங்க தப்பு பண்ணேன்னே தெரியல அத்தை. ஒரு பெட்டிக்கே கணக்கு வராத நான் என்னத்த டிசைன் பண்றது?" கடைசிப் பரீட்சைகளை எழுதவில்லை. ஒரு கூரியர் ஆபீஸில் பார்சலுக்குச் சீட்டு ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தாள்.

எட்டு மாதம் அண்ணனை அரித்தெடுத்தேன். ஒருநாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னான்.

"அப்ப என் கணக்கு சரியாப்பா?"

"அத்தனையும் சரிம்மா."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா டிஸ்க் மட்டும்தான்பா போயிருக்கும்" என்றாள்.