தீவிரப் பரிசீலனை

மலாக்கி டூஹி தன் வாழ்நாளில் பதினோராயிரம் பதில்களாவது எழுதியிருப்பார். ஒன்றில்கூட அவர் பெயர் கிடையாது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள், அமைச்சர் எழுந்து பதில் சொல்வார், மறுநாள் பத்திரிகையில் அமைச்சர் சொன்னதாக வரும். அதை எழுதியவர் டப்ளினில் எங்கள் சுகாதாரத் துறையின் மூன்றாவது மாடியில், கால்சட்டையில் மாட்டிய சைக்கிள் கிளிப்பைக் கழற்ற மறந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். ஆறு அமைச்சர்கள் அவர் எழுதிக் கொடுத்ததைப் பேசிப் பேர் வாங்கினார்கள். அவருக்கு எதிர் மேசையில் பதினாறு வருடம் உட்கார்ந்தவள் நான்.

பொய் எழுதக் கூடாது என்பதில் அவர் கறாரானவர். அதே சமயம் யார் கையிலும் எதுவும் சிக்கக் கூடாது. கேட்டதற்கு மட்டும் பதில், கேட்காததற்கு ஒரு எழுத்துகூடக் கூடாது. ஒரு பெண்மணிக்கு இடுப்பு அறுவை எப்போது என்று ஒரு உறுப்பினர் கேட்டால், அந்த அறுவைக்கு எத்தனை கோடி ஒதுக்கப்பட்டது என்பதில் தொடங்கி, மருத்துவத் தேவையின் அடிப்படையில் முறைப்படி அழைக்கப்படுவார் என்று முடிப்பார். அத்தனையும் உண்மை. ஆனால் அந்தப் பெண்மணிக்குத் தேதி கிடைத்திருக்காது. எழுதி முடித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பி ஒருமுறை வாய்விட்டு வாசிப்பார். வெளியே விளிம்பில் புறாக்கள் இருக்கும். புறாவுக்கும் புரியவில்லை என்றால் மேலே அனுப்பலாம் என்று நான் கிண்டல் செய்வேன். அவரும் சிரிப்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது, இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கல்யாணம் செய்துகொள்ளாதவர். மதியம் தினமும் முட்டை சான்ட்விச், ஒரு ஆப்பிள். அவருடைய சொந்த ஊர் டெரிகூல், மேற்கே ரயில்கூடப் போகாத சின்ன ஊர். அங்கே யாராவது செத்தால் மட்டும் லீவு போடுவார். அந்த மார்ச் மாதம் ஹானர் ஸ்காஹில் என்ற அம்மாள் இறந்துபோனார். டூஹி வீட்டுக்கு அடுத்த நிலம் அவர்களுடையது. மலாக்கிக்கு கார் ஓட்டத் தெரியாது, அதனால் நான் கூட்டிக்கொண்டு போனேன்.

அடக்கம் முடிந்து எல்லோரும் சர்ச் கூடத்தில் டீயும் ஹாம் சான்ட்விச்சுமாக உட்கார்ந்திருந்தோம். தொகுதியின் உறுப்பினர் கொன்செப்டா மொலம்பியும் வந்திருந்தார், ஒரு கை விடாமல் குலுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்களில் சாவுக்கு வராத உறுப்பினர் அடுத்த தேர்தலில் ஜெயிக்க மாட்டார். இறந்தவரின் மகன் ஃபின்டன், பால் லாரி ஓட்டுகிறவன், ஐம்பதை நெருங்குகிறவன், ஒரு பிஸ்கட் டப்பாவோடு மலாக்கியிடம் வந்தான். அவன் தங்கை ஊனா ஒரு மூலையில் சக்கர நாற்காலியில் இருந்தாள். பிறந்ததிலிருந்தே அவளுக்கு நடக்க முடியாது, ஒருவர் ஊட்டினால்தான் சாப்பாடு. நாற்பத்து மூன்று வருடமாக ஊட்டிய கையை அன்று காலையில்தான் புதைத்திருந்தார்கள்.

டப்பாவுக்குள் பிளாஸ்டிக் உறை போட்ட பதினொரு காகிதங்கள் இருந்தன. ஊனா மாதிரியானவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ள டெரிகூலில் ஒரு மையம் எப்போது கட்டப்படும் என்று மொலம்பி அம்மாள் சபையில் கேட்ட கேள்விக்கு வந்த பதில்கள் அவை.

"நீங்க அந்தப் பக்கம்தானே வேலை பாக்குறீங்க மலாக்கி, இதைக் கொஞ்சம் பாருங்க," என்றான் ஃபின்டன். "மூணரை வருஷமா 'பரிசீலனையில் உள்ளது', 'பரிசீலனையில் உள்ளது'ன்னே வந்துச்சு. போன அக்டோபர்ல பாருங்க, 'தீவிரப் பரிசீலனையில் உள்ளது'. அம்மா அதை அடிக்கோடு போட்டு வச்சிருக்கா. மினிஸ்டர் மனசு இறங்கிட்டார்டான்னு சொல்லிட்டே இருந்தா."

பக்கத்து மேசையில் இருந்த கூட்டுறவுக் கடைக்காரர் திரும்பிப் பார்த்து, "அடுத்த தடவை 'மிகத் தீவிரம்'னு வரும், அதுக்கடுத்த தடவை கொத்தனாரே வந்துடுவான்," என்றார். சாவு வீடென்று பார்க்காமல் நாலு பேர் சிரித்தார்கள். மலாக்கி சிரிக்கவில்லை. சான்ட்விச்சைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. ஒரு மணி நேரத் தூரத்தில் கார்னமோர் என்ற ஊரில் உள்ள இல்லத்தில் ஊனாவுக்கு ஒரு நிரந்தர இடம் தருவதாகக் கடிதம் வந்திருந்தது. மாதக் கடைசிக்குள் சம்மதம் எழுதாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அப்படிப்பட்ட இடம் மறுபடி வர ஐந்து வருடமும் ஆகலாம், பத்து வருடமும் ஆகலாம். ஃபின்டன் வேண்டாம் என்று எழுதப் போவதாகச் சொன்னான். உள்ளூரிலேயே மையம் வரும்போது தங்கையை எதற்கு வெளியே அனுப்ப வேண்டும்? அதுவரை பக்கத்து வீட்டுப் பெண் பகலில் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அந்தப் பெண் கோடைக்குள் கல்யாணமாகிப் போகிறவள் என்பதும் பேச்சில் வந்தது.

"எழுதாதே ஃபின்டன். கொஞ்சம் பொறு," என்றார் மலாக்கி. "காகிதத்தை ரொம்ப நம்பாதே."

"கீழ மினிஸ்டர் பேர் இருக்கே மலாக்கி," என்றான் அவன், மரியாதையாகத்தான். "நான் அவரை நம்பணுமா, உங்களை நம்பணுமா?"

திரும்பும் வழியில் ஐம்பதாவது மைலில் பெட்ரோல் போட நிறுத்தினோம். காரிலிருந்து இறங்காமலே மலாக்கி சொன்னார்.

"அந்தத் 'தீவிர' நான் போட்டது. ஏன் போட்டேன்னு தெரியுமா டெர்வ்லா? ஒரே வாக்கியத்தைப் பதினோராவது தடவை எழுத அலுப்பா இருந்துச்சு. அவ்வளவுதான்."

டெரிகூல் கோப்பு எனக்கும் தெரியும். ஐந்தாண்டுக் கட்டடப் பட்டியல் இரண்டு வருடம் முன்பே முடிவாகிவிட்டது, அதில் டெரிகூல் இல்லை. ஆனாலும் ஒரு குழு வருடத்துக்கு ஒருமுறை கூடி எல்லா ஊர்ப் பெயரையும் வாசித்துவிட்டுக் கலையும். அந்த வாசிப்பு வருடாவருடம் நடந்துகொண்டிருக்கும்வரை 'பரிசீலனையில் உள்ளது' என்பது பொய்யாகாது. அந்த ஓட்டையைக் கண்டுபிடித்ததும் மலாக்கிதான்.

நேரடியாக ஃபின்டனிடமே சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டேன். கோப்பில் இருப்பதை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டவர்கள் நாங்கள், அவருடைய ஓய்வுக்கு இரண்டு வருடம்தான் பாக்கி. அவர் யோசித்தது அதை இல்லை. சொன்னாலும் நம்ப மாட்டான், அவன் அம்மா அடிக்கோடு போட்ட காகிதத்துக்கு எதிராக நான் யார் என்றார். அமைச்சர் வாயால் வந்ததை அமைச்சர் வாயால்தான் எடுக்க முடியும்.

சபையில் மறுபடி கேட்பதாகச் சர்ச் கூடத்தில் ஃபின்டனுக்குக் கொடுத்த வாக்கை மொலம்பி அம்மாள் காப்பாற்றினார். அதே கேள்வி, இம்முறை எழுத்தில் இல்லாமல் சபையிலேயே நேரடிப் பதிலுக்கு, மாதத்தின் கடைசி செவ்வாய்க்கு வந்தது. கேள்விகளின் வரிசைக்குப் போடும் குலுக்கலில் ஐந்தாவது இடம் விழுந்தது. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் கேள்வி நேரம், ஐந்தாவது கேள்விவரை வந்தால் அதிர்ஷ்டம்.

மலாக்கி வரைவு எழுதினார். "டெரிகூலில் மையம் கட்டும் திட்டம் எதுவும் இல்லை." ஒரே வரி. நான் அந்த அறையில் பார்த்த பதில்களிலேயே சின்னது அதுதான். மேல்மாடிக்குப் போன காகிதம் மதியத்துக்குள் திரும்பி வந்துவிட்டது. எங்கள் மேலதிகாரி கார்மெல் டெவானி கையாலேயே அந்த வரியை அடித்து, பழைய வாக்கியத்தை எழுதியிருந்தார், 'தீவிர' உட்பட. அவர் கெட்ட மனுஷி இல்லை. மலாக்கியின் மேசைமேல் சாய்ந்து நின்று சாந்தமாகவே சொன்னார்.

"நீங்க எழுதினது உண்மைதான் மலாக்கி. ஆனா அந்தம்மா கேட்டது 'எப்போ'ன்னுதானே. 'உண்டா இல்லையா'ன்னு கேக்கலையே. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான்."

அவர் போனபின் மலாக்கி அடிக்கப்பட்ட அந்த ஒரு வரியைப் புறாக்கள் பக்கம் திரும்பி வாய்விட்டு வாசித்தார். பிறகு துணைக்கேள்விக் கோப்பை எடுத்தார். அமைச்சர் பதில் சொன்னதும் உறுப்பினர் அடுத்தடுத்து என்னவெல்லாம் கேட்கக்கூடும் என்று ஊகித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் எழுதி வைப்பது எங்கள் வேலை. நாற்பது பக்கம் இருக்கும். மேலே யாரும் அதை முழுக்கப் படிப்பதில்லை. பதினேழாம் பக்கத்தில் இப்படி எழுதினார்: 'ஐந்தாண்டுப் பட்டியலில் டெரிகூல் இருக்கிறதா? இல்லை. சேர்க்கும் உத்தேசமும் இல்லை.'

அந்தப் பக்கம் திறக்க வேண்டுமென்றால் சரியாக அதே கேள்வியை ஒருவர் கேட்க வேண்டும். மலாக்கி டெலிபோனை எடுத்தார். நான் காது கேளாதவள் மாதிரி தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

"ஃபின்டன், மொலம்பி அம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொல்லு. பட்டியல்ல நம்ம ஊர் பேர் இருக்கா இல்லையான்னு. வேற எதுவும் வேண்டாம். ஏன்னு என்னைக் கேக்காதே. நீயும் வந்து மேல மாடத்துல உக்காரு."

செவ்வாய்க்கிழமை அதிகாரிகளுக்கான பக்கவாட்டு இருக்கையில் அவர் பக்கத்தில் நானும் இருந்தேன். முதல் கேள்விக்கே ஒரு பழைய உறுப்பினர் இருபது நிமிடம் தின்றுவிட்டார். மூன்றாவதில் இரு கட்சிக்காரர்களும் யார் ஆட்சியில் எந்த ஆஸ்பத்திரி வார்டு மூடப்பட்டது என்று சண்டை பிடித்தார்கள். மலாக்கி கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, பார்வையாளர் மாடத்தில் சாவுக்குப் போட்ட அதே கறுப்புக் கோட்டோடு உட்கார்ந்திருந்த ஃபின்டனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது கேள்வி வந்தபோது நான்கு நிமிடம் மிச்சம்.

அமைச்சர் பழைய பதிலை வாசித்தார். தீவிரப் பரிசீலனையில் உள்ளது. மொலம்பி அம்மாள் எழுந்து ஹானர் ஸ்காஹிலின் அடக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், மழையைப் பற்றிக்கூடச் சொன்னார். மலாக்கி தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். சபாநாயகர் கேள்விக்கு வரச் சொன்னார். அந்த அம்மாள் கையிலிருந்த துண்டுச் சீட்டைப் பார்த்தார்.

"ஒண்ணுதான் கேக்கறேன். ஐந்தாண்டுப் பட்டியல்ல டெரிகூல் பேர் இருக்கா, இல்லையா?"

அமைச்சர் கோப்பைப் புரட்டினார். முன்னால் போனார், பின்னால் வந்தார். பொதுவாக ஏதோ சொல்லி உட்காரப்போகிற முகம் அவருக்கு வந்துவிட்டது, எனக்கு அந்த முகம் தெரியும். ஒருமுறை எங்கள் பக்கம் திரும்பினார். இருபத்தொன்பது வருடத்தில் அந்தச் சபைக்குள் வாய் திறக்காத மலாக்கி, கொஞ்சம் முன்னால் குனிந்து, "பதினேழு" என்றார்.

அமைச்சர் அந்தப் பக்கத்தைத் திறந்து, எழுதியிருந்ததை எழுதியபடியே வாசித்தார். இல்லை. சேர்க்கும் உத்தேசமும் இல்லை. கடைசிச் சொல்லுக்கு வந்த பிறகுதான் தான் என்ன வாசித்தோம் என்று அவருக்கு உறைத்தது. நேரம் முடிந்தது என்றார் சபாநாயகர்.

அதற்கு மலாக்கி என்ன விலை கொடுத்தார் என்பதை நீட்டி முழக்க வேண்டியதில்லை. யாரும் அவரைத் திட்டவில்லை. உண்மையை எழுதியதற்கு எப்படித் திட்டுவது? அடுத்த மாதம் அவரைப் பழைய கோப்புகள் வைக்கும் கிடங்குக்கு மாற்றினார்கள், அங்கே ஜன்னல் கிடையாது.

அந்தச் செவ்வாயன்று நாங்கள் வெளியே வந்தபோது சபை வாசலில் ஃபின்டன் நின்றிருந்தான். அன்றே கார்னமோருக்குச் சம்மதக் கடிதம் போடுவதாகச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமைகளில் லாரி இல்லாததால் போய்ப் பார்த்து வரலாம். பிறகு மலாக்கியின் கையைப் பிடித்து, நீங்கள் கேட்கச் சொல்லாவிட்டால் முட்டாளாகவே இருந்திருப்பேன் என்றான்.

மலாக்கி அந்த நன்றியை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்திருக்கலாம். நானாக இருந்தால் வந்திருப்பேன்.

"அந்தப் பதினொரு பதிலையும் எழுதினது நான்தான் ஃபின்டன்," என்றார். "அந்தத் 'தீவிர'வையும்."

ஃபின்டனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கையை மெதுவாக விட்டான்.

"அம்மாவுக்குக் கடைசி ரெண்டு வாரம் பேச்சு வரல," என்றான். "அதுக்கு முன்னாடி ஊனாவைப் பத்தின கவலை விட்டுப்போச்சுடான்னு சொன்னா. அந்த ஒரு வார்த்தையை வச்சுத்தான் சொன்னா. நிம்மதியாப் போனா. உங்களுக்கு நன்றி சொல்றதா, அடிக்கிறதான்னு எனக்குத் தெரியல மலாக்கி."

ஃபின்டன் கறுப்புக் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு பேருந்து நிலையத்தின் பக்கம் நடந்தான்.